ஹோட்டலுக்கு எதற்குப் பாட்டி?

பொடி இட்லி நன்றாக இருந்தது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கட்டுரை போய்ச்சேரும் இடத்தைப் பார்த்துவிட்டு, "இவனுக்குச் சாப்பாடு பிடிக்கல, அதான் கருத்து பேசுறான்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சாப்பாடு பிடித்தது. நான்கு முறை போயிருக்கிறேன், நான்கு முறையும் என் காசில்தான்.

தென்சென்னையில் திறந்து சில மாதங்களே ஆன, நின்று சாப்பிடும் சைவ கஃபே அது. பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இது அந்த ஒரு கடையைப் பற்றிய புகாராகிவிடும். அந்தக் கடை ஒரு வகைமாதிரி, அவ்வளவுதான். இந்த வகைக் கடைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெயரில் ஒரு ஊரோ, அக்ரஹாரமோ, அம்மாவோ, பாட்டியோ இருக்கும். வாசலில் மரத்தூண், பித்தளை விளக்கு. கல்லாவில் க்யூஆர் கோடு. உள்ளே வட்ட வட்டமான உயர மேசைகள், நாற்காலி கிடையாது. சனி ஞாயிறு காலையில் தெருவே அடைபடும்.

சாப்பாட்டில் தொடங்குவோம். இட்லி மாவில் உளுந்து தாராளம். விரலால் அழுத்தினால் மெதுவாக எழுந்து வருகிறது. பொடியில் எள்ளின் கசப்பு லேசாகத் தெரிந்தது. கறுப்பு எள்ளைச் சரியாக வறுத்த கை அது. நெய்தான் பிரச்சினை. தட்டை நீட்டுவதற்கு முன் மாஸ்டர் ஒரு கரண்டி நெய்யை உயரத்திலிருந்து ஊற்றுகிறார். அந்த உயரம் நாக்குக்காக இல்லை, செல்போனுக்காக. நெய் அளவோடு இருந்தால் பொடி இட்லியில் ஒட்டும். இந்த அளவில் ஊற்றினால் பொடி கழன்று நெய்யோடு மிதக்கும். கடைசியில் தட்டில் மிஞ்சுவது எள் மிதக்கும் எண்ணெய்க் குளம். வீடியோவில் அது அழகு.

வெண்ணெய் தோசை தாவணகெரே பாணி. முதல் இரண்டு நிமிடம் அற்புதம். பிறகு நீங்கள் படம் எடுத்து, ஃபில்டர் போட்டு முடிப்பதற்குள் அது துவண்டுவிடும். தோசையின் மொறுமொறுப்பு என்பது ஈரம் வெளியேறிய மெல்லிய மேல்தோல். உள்ளிருக்கும் ஆவி மேலே வர வர அந்தத் தோல் மறுபடி ஈரத்தை வாங்கிக்கொள்ளும். தோசை நமக்காகக் காத்திருக்காது. சாம்பார் வெல்லம் போட்ட உடுப்பி வழி. சின்ன வெங்காயச் சாம்பாரில் வளர்ந்தவர்களுக்கு முதல் கரண்டி கொஞ்சம் பாயசம் மாதிரி இருக்கும், மூன்றாவது கரண்டியில் பழகிவிடும். தேங்காய்ச் சட்னி அன்றைக்கு அரைத்தது. காபி சுமார். டிகாக்ஷன் திக்காகத் தெரிந்ததற்குக் காரணம் சிக்கரி. காபித்தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கச் சட்டமே இடம் தருகிறது, இவர்கள் அந்த இடத்தை வீணாக்கவில்லை என்று நாக்கு சொன்னது.

ஆக, நல்ல கடை. இனி சுவரைப் படிப்போம். இந்த வகைக் கடைகளில் சுவர்தான் முக்கியமான பிரதி. மெனு கார்டு அதன் அடிக்குறிப்பு.

சுவரில், நார்மடி மாதிரி ஏதோ ஒன்றைக் கட்டிய ஒரு மூதாட்டி அம்மியில் அரைக்கும் கோட்டோவியம். பக்கத்தில், பாட்டியின் அடுக்களையிலிருந்து நேராக உங்கள் தட்டுக்கு என்ற பொருளில் ஒரு வாசகம். தூணும் திண்ணையும் அக்ரஹாரத்துடையவை. தரையில் ஆத்தங்குடிக் கல். ஆத்தங்குடிக் கல் செட்டிநாட்டுடையது. செட்டிநாடு சமையலுக்குப் பேர்போனது, ஆனால் அந்தப் பேர் சைவத்தால் மட்டும் வந்ததில்லை. ஆக, செட்டிநாட்டுத் தரையில் நின்று, அக்ரஹாரத் தூணில் சாய்ந்து, கர்நாடகத்துத் தோசையைச் சாப்பிடுகிறோம். இதற்கு "நம்ம பாரம்பரியம்" என்று பெயர். இந்தக் குழப்பத்தில் எனக்குப் புகார் ஒன்றுமில்லை. நகரம் என்றாலே இப்படித்தான், எங்கெங்கோ இருந்ததை அள்ளிக் கலந்து ஒன்று செய்யும். அதை வெளியே சொல்லிக்கொள்ளக் கடைக்கு ஏன் கூச்சம், பாட்டி மேல் ஏன் பழி போட வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

ஏனென்றால் அந்தப் பாட்டி யாருடைய பாட்டி?

என் பாட்டி வீட்டில் இட்லி என்பது தீபாவளிப் பலகாரம். மற்ற நாட்களில் கம்பங்கூழ், பழைய சோறு, எப்போதாவது சுடுசோறு. கிராமத்தில் வளர்ந்த எந்த முதியவரிடமும் கேட்டுப்பாருங்கள், பெரும்பாலும் இதைத்தான் சொல்வார். உளுந்து விலை, அரைக்க நேரம், அரிசியின் அருமை மூன்றும் சேர்ந்து இட்லியைப் பண்டிகைக்குத் தள்ளியிருந்தன. தீபாவளி விடியலில் அந்த இட்லிக்குத் தொட்டுக்கொள்ள கறிக்குழம்பு. எங்களில் பலருக்கு "பாட்டி கைமணம்" என்றால் மூக்கில் வருவது அதுதான். கருவாட்டுக் குழம்பின் வாசனையும் வரும். அதைக் கோட்டோவியமாக வரைந்து எந்த கஃபேயும் மாட்டாது. மாட்டப்பட்டிருப்பது ஒரு குறிப்பிட்ட வீட்டின் பாட்டி. ஆனால் சுவர் அவரை எல்லோருக்கும் பாட்டியாக்கிவிடுகிறது. நாமும் தலையாட்டிவிட்டு, "ஆமால்ல, பழைய ஞாபகம் வருது" என்று ஸ்டோரி போடுகிறோம். யாருடைய ஞாபகம் அது?

இதைவிடச் சுவாரசியம், அந்த வீட்டுப் பாட்டியும் இந்த மெனுவைச் சமைத்திருக்க மாட்டார் என்பது. ரவா இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில் ரவையை வைத்துத் தாங்கள் கண்டுபிடித்தது என்று பெங்களூரு எம்.டி.ஆர். சொல்லிக்கொள்கிறது. மசாலா தோசையை ஊர் ஊராகக் கொண்டுபோனவை உடுப்பி ஹோட்டல்கள். நின்றுகொண்டே சாப்பிடும் இந்த ஏற்பாடு 1983-ல் பெங்களூரு ஜெயநகரில் தொடங்கிய கஃபே தர்ஷினி வழியாகப் பரவியது. இடம் குறைவு, ஆள் குறைவு, விலை குறைவு, சுத்தமான சமையலறை கண்ணெதிரே: இதுதான் அதன் சூத்திரம். கணக்குப் போட்டுப் பார்த்துச் செய்த நவீனக் கண்டுபிடிப்பு.

சென்னைக்கும் தன் பங்கு உண்டு. உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த கே. கிருஷ்ணராவ் 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். 1962-ல் வந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், காரில் உட்கார்ந்தபடி தோசை சாப்பிடுவதை ஒரு தலைமுறைக்கே பழக்கமாக்கியது. 2008-ல் அது மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா. 1981-ல் கே.கே. நகரில் பி. ராஜகோபால் தொடங்கிய சரவண பவன் சைவ டிபனை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அவர் உடுப்பிக்காரரும் இல்லை, பிராமணரும் இல்லை. தென்மாவட்டத்திலிருந்து சென்னை வந்து மளிகைக் கடை வைத்திருந்தவர். (பிற்பாடு கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றதும், 2019-ல் இறந்ததும் தனிக்கதை.) இந்த வரலாற்றில் பாட்டி எங்கேயும் இல்லை. இருப்பவர்கள் ஊரைவிட்டு வந்த இளைஞர்கள், கிரைண்டர், பாய்லர், கல்லா, வேகம். இந்த டிபன் ஹோட்டலின் சாதனை. வீட்டுக்குள் அது பிறகுதான் நுழைந்தது. டேபிள்டாப் கிரைண்டரும் ஃப்ரிட்ஜும் வந்த பின்புதான் தினசரி இட்லி நம் வீடுகளுக்கு வந்தது.

அப்படியிருக்க ஒரு ஹோட்டல் ஏன் வீடு மாதிரி வேஷம் போட வேண்டும்? "வீட்டுச் சாப்பாடு மாதிரி" என்பது நம் ஊரில் ஹோட்டலுக்குக் கிடைக்கும் உச்சபட்சப் பாராட்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வீடு என்பது யார் உள்ளே வரலாம், எதுவரை வரலாம், எந்தத் தட்டில் சாப்பிடலாம் என்று தீர்மானிக்கும் இடம். நம் வீடுகளில் சாதி குடியிருப்பது பூஜையறையில் மட்டுமில்லை, பாத்திர அலமாரியிலும்தான். வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கும் வீடு எத்தனை என்று எண்ணத் தொடங்கினால் நம் தெருவைத் தாண்ட வேண்டியிருக்காது. ஹோட்டல் அப்படி இல்லை. காசு கொடுத்தால் இலை, இலைக்கு முன்னால் யாரும் உட்காரலாம். அதாவது, அப்படி ஆக்கப்பட்டது.

சும்மா நடந்துவிடவில்லை அது. தமிழ்நாட்டு அரசியலில் பந்தி ஒரு பெரிய விஷயம். 1920-களின் நடுவில் வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது காங்கிரஸையே பிளக்கும் சர்ச்சையானது. நகரத்துக் காபி கிளப்புகளிலும் ஹோட்டல்களிலும் "பிராமணாள்" என்ற சொல் பலகையில் இருந்தது. பிராமணர்களுக்குத் தனி இடமும் பல இடங்களில் இருந்தது. காபி யாருடைய பானம், டீ யாருடைய பானம் என்பதிலேயே வர்க்கமும் சாதியும் எப்படிக் கரைந்திருந்தன என்று ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதியிருக்கிறார், ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ தொகுப்பைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1957-ல் திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டல் முன்னால் பெரியார் தொடங்கிய மறியல், பலகையிலிருந்த அந்த ஒரு சொல்லுக்கு எதிரானது. மாதக்கணக்கில் நடந்தது, நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். ஒரு சொல்லை அழிக்க இவ்வளவா என்று இன்றைக்குத் தோன்றலாம். அந்தச் சொல் அங்கே சமைப்பவரைக் குறித்ததா, சாப்பிட வருபவரைக் குறித்ததா என்று அப்போதும் வாதாடினார்கள். குறித்தது எதுவாக இருந்தாலும், படிப்பவருக்குத் தான் யார் என்று அது ஞாபகப்படுத்தியது.

இப்போதைய பலகைகளில் அந்தச் சொல் இல்லை. அதன் இடத்தில் ஒரு தூண் இருக்கிறது, ஒரு திண்ணை, ஒரு கோட்டோவியம். படம் மேல் வழக்குப் போட முடியாது, மறியல் செய்தால் பைத்தியக்காரன் என்பார்கள். படம் சத்தமில்லாமல் வேலை செய்யும்.

இங்கே ‘சைவம்’ என்ற சொல்லையும் கொஞ்சம் தொட்டுப் போகலாம். ஒரு சமயத்தின் பெயர் ஒரு மெனுவின் பெயராகியிருக்கிறது. மற்றவர்கள் சாப்பிடுவதற்குச் சொந்தமாக ஒரு பெயர்கூடக் கிடையாது, ‘அ’ சேர்த்த எதிர்மறை மட்டும்தான். இவ்வளவுக்கும் 2014-ல் எடுத்த மாதிரிப் பதிவுத் திட்ட அடிப்படைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கும் அதிகமானோர் அசைவம் சாப்பிடுபவர்கள். நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லாத பழக்கம் பொதுப்பெயராகவும், மீதிப் பேருடையது அதன் மறுப்பாகவும் இருக்கிறது. அதோடு பழைய பலகைகளில் வரும் ‘உயர்தர சைவ உணவகம்’. உயர்தர அசைவ உணவகம் என்று எழுதியவர்களும் உண்டு. ஆனால் அங்கே அது இறைச்சியின் தரத்தைச் சொல்வதாக நாம் படிக்கிறோம். சைவத்துக்கு முன்னால் வரும்போது உயர்ந்திருப்பது எது என்று யாரும் கேட்பதில்லை.

இத்தனையும் சொன்ன பிறகும் அந்தக் கடையின் நின்று சாப்பிடும் மேசை எனக்குப் பிடித்திருக்கிறது. உண்மையில் இவ்வளவு சமத்துவமான ஒரு மேசையை நம் ஊரில் வேறெங்கும் பார்க்க முடியாது. இரண்டாவது முறை போனபோது ஒரே வட்ட மேசையில் நான், வாக்கிங் முடித்து வந்த ஒரு பெரியவர், கழுத்தில் ஐடி கார்டோடு ஒரு பெண், பெயின்ட் தெறித்த சட்டையோடு ஒருவர். பெரியவர் பெயின்ட்காரரிடம், "தம்பி, அந்த சட்னி கிண்ணத்த கொஞ்சம் இப்படித் தள்ளுங்க" என்றார். அவர் தள்ளினார். யார் வீட்டிலும் இந்த நான்கு பேரும் இப்படி நின்றிருக்க முடியாது. ஏ.சி. ஹாலில் நாற்காலி போட்டிருந்தால்கூட நால்வரும் நான்கு மேசைக்குப் போயிருப்போம். நாற்காலி இல்லாததால் நடந்தது இது. சுவர் அக்ரஹாரம் பேசுகிறது, மேசை அதை மறுக்கிறது.

மூன்றாவது முறை போனபோது வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். அசைவ பார்சல் வைத்திருக்கும் டெலிவரி ஊழியர்கள் உள்ளே வர வேண்டாம், வெளியே காத்திருக்கவும் என்று. அன்று நல்ல வெயில். இரண்டு பேர் பைக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பையில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது, ஏனென்றால் பை மூடியிருந்தது. ஒருவர் காபி கேட்டார். உள்ளே எங்களுக்கெல்லாம் பித்தளை டபரா செட்டில் வந்த காபி, அவருக்குப் பேப்பர் கப்பில் போனது. பார்சலுக்குப் பேப்பர் கப் சகஜம்தான். ஆனால் அவர் பார்சல் வாங்கவில்லை. அங்கேயே நின்று, அங்கேயே குடித்து, அங்கேயே கசக்கிப் போட்டார்.

இதை இரட்டைக் குவளை என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் தேநீர்க் கடை வாசல்களில் குனிந்து நின்றவர்களின் வரலாறு இருக்கிறது, அதைக் கண்ட இடத்தில் எடுத்து வீசக் கூடாது. கடைக்காரருக்கு அப்படி ஒரு எண்ணம்கூட இருந்திருக்காது. வாடிக்கையாளர் யாராவது முகம் சுளித்திருப்பார், இவர் தாள் ஒட்டியிருப்பார். வியாபாரம். ஆனால் இரண்டு பாத்திரங்கள், உள்ளே ஒன்று வெளியே ஒன்று, காரணம் சாப்பாட்டின் தூய்மை என்றால், என் கண் அங்கே நிற்கத்தான் செய்யும். 2024 மார்ச்சில் ஜொமேட்டோ நிறுவனம் சைவ ஆர்டர்களுக்கு மட்டும் பச்சைச் சட்டை போட்ட தனி ஊழியர் படையை அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பும் இதற்குத்தான். அடுத்த நாளே பச்சைச் சட்டையைக் கைவிட்டார்கள். சிவப்புச் சட்டைக்காரர் வந்தால் அந்த வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று மொத்த அபார்ட்மெண்டுக்கும் தெரிந்துவிடும், வாடகைக்கு இருப்பவருக்குச் சிக்கல் என்று பலர் சுட்டிக்காட்டினார்கள். "வெஜ் ஒன்லி" என்று கேட்கும் வீட்டு உரிமையாளர்களைச் சந்தித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

என்னோடு வந்த நண்பன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவன் பிறப்பிலிருந்தே சைவம். "டேய், எனக்கு மீன் வாசனை வந்தா சாப்பிட முடியாதுடா. அது சாதியா? வயிறுடா" என்றான். நியாயம். ருசியும் அருவருப்பும் வாதத்துக்குக் கட்டுப்படுவதில்லை. எனக்கே பலாப்பழ வாசனை ஆகாது. சைவம் மட்டுமே சமைக்கும் கடை இருக்கட்டும், இன்னும் நிறைய இருக்கட்டும். தனிச் சமையலறை, தனிப் பாத்திரம் எல்லாம் சரிதான். விரதம் இருப்பவர், உடம்புக்காக விட்டவர், உயிர்க்கொலை வேண்டாம் என்று இருபது வயதில் வீகன் ஆனவர் என்று எத்தனையோ பேருக்கு அது வேண்டும். ஆனால் என்ன சமைக்கிறோம் என்று சொல்வது மெனு. வருகிறவன் பையில் என்ன இருக்கிறது என்று பேசுவது மெனு இல்லை. மூடிய பையிலிருந்து எந்த வாசனையும் அவன் மூக்குக்கு வந்திருக்காது. இதை அவனிடம் சொன்னபோது, "சரி விடு, காபி ஆறுது" என்றான். அவனுக்குப் பதில் இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். நான் ஓவராகப் பேசுகிறேன் என்று அவன் எடுத்துக்கொண்டிருப்பான்.

அந்தக் கடைக்கு விமர்சகனாக என் சிபாரிசு எளிமையானது. அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். ஓவியத்தையும் இறக்கிவிடலாம். அந்த இடத்தில் உங்கள் மாஸ்டர்களின் படத்தைப் போடுங்கள். பாட்டிக்குப் பதிலாகக் கல்லில் நின்று தோசை வார்ப்பவர் சுவரில் இருந்தால் கடை இன்னும் அழகாகவே இருக்கும், பொய்யும் குறையும். நெய்க் கரண்டியை ஒரு அடி கீழே இறக்கச் சொல்லுங்கள். சிக்கரியைப் பாதியாகக் குறையுங்கள்.

நான்காவது முறை போனது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கூட்டம் இல்லாத நேரம். தோசைக்கல்லில் நின்ற பையனுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். ஒடிசாக்காரர். சென்னைக்கு வந்து ஒன்றரை வருடம். முதலில் கட்டடவேலை, பிறகு பாத்திரம் கழுவுதல், ஆறு மாதமாகத் தோசை. மாவைக் கல்லின் நடுவில் விட்டு, கரண்டியின் அடிப்பாகத்தால் ஒரே சுழற்சியில் விளிம்பு வரை கொண்டுபோகும் அந்த வித்தையைத் தமிழ் பேசக் கற்பதற்கு முன்பே கற்றுக்கொண்டாராம். உங்க வீட்டில் தோசை உண்டா என்று கேட்டேன். சிரித்தார். ஊரில் இருக்கும்வரை தோசையைப் பார்த்ததே சில தடவைதானாம், அதுவும் கடையில். இங்கே தினம் முந்நூறு வார்க்கிறார்.

"நீங்க என்ன சாப்பிடுவீங்க, இதேதானா?"

"டூட்டில இதான் அண்ணா. திங்கள் லீவு. ரூம்ல ஆறு பேரு." கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் ஒரு இழு இழுத்தார். "மீன் வாங்குவோம். நான்தான் சமைக்கிறது. கடுகு அரைச்சு, எங்க பாட்டி செய்ற மாதிரி."